இரைச்சலக்காவும் இரண்டு எர்த் ஒயர்களும்

அந்தத் தெருவில் அவளை எல்லாரும் இரைச்சலக்கா என்றுதான் சொல்வார்கள். பேரைக் கேட்டுவிட்டு முதல்முறை வருகிறவர்கள், தொண்டை கிழியக் கத்துகிற ஒரு பெண்மணியை எதிர்பார்த்துக்கொண்டு தையல் கடை மாடிப்படி ஏறுவார்கள். கதவைத் திறப்பவளோ ஒரு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை பதில் சொல்கிறவள். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிற பொறுப்பை அவள் புருஷன், கீழே கடை வைத்திருக்கும் டெய்லர், கல்யாணமான நாளிலிருந்தே தன் தலைமேல் போட்டுக்கொண்டுவிட்டார். இரைச்சல் என்றது அவளுடையதை அல்ல, ஆம்ப்ளிஃபையர்களுடையதை. அதை அடக்குவதில் அவளுக்கு நிகராக அந்த வட்டாரத்தில் இன்னொருத்தர் கிடையாது.

சம்பள வேலை வேறு. பகலில் அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லிஃப்ட் மெக்கானிக். நோயாளியைப் படுக்கையோடு ஏற்றிய லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால், தலைமை டாக்டர் முதல் தரை துடைக்கிறவர் வரை அவளைத்தான் தேடுவார்கள். அங்கே ஆட்களைக் கீழே இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, கை கழுவி, டீ குடித்துவிட்டு, வால்வு ஆம்ப்ளிஃபையர்களுக்கு முன்னால் உட்காருவாள். உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள் சிவந்து எரியுமே, அந்த வகை. புதுசு புதுசாக எவ்வளவோ வந்தும் கிட்டார் வாசிக்கிறவர்கள் இதை விட மாட்டேன் என்கிறார்கள். இதில் வருகிற சத்தத்துக்கு ஒரு சூடு உண்டாம். இருக்கலாம். கூடவே ‘உம்ம்ம்’ என்று ஓர் ஓசையும் இலவசமாக வருகிறது. வாசிக்கிறவர் வாசிப்பை நிறுத்தினாலும் அது நிறுத்தாது.

அவள் வேலை செய்வதைப் பார்ப்பது டெய்லருக்குப் பிடிக்கும். கடையைச் சாத்திவிட்டு மேலே வந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் முகவாயை வைத்துக்கொண்டு பார்ப்பார். மற்ற மெக்கானிக்குகள் பெட்டி வந்ததும் ஸ்குரூ டிரைவரைத் தூக்குவார்கள். இவள் முதலில் கேள்வி கேட்பாள். எப்போது இரைகிறது, வால்யூமைத் திருகினால் கூடுகிறதா இல்லை அப்படியேதான் இருக்கிறதா, கிட்டார் ஒயரைப் பிடுங்கினால் நிற்கிறதா. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். மொத்தையான உம் என்றால் ஒரு காரணம், அதற்குள்ளேயே ரம்பம் அறுக்கிற மாதிரி ஒரு கரகரப்பு இருந்தால் வேறொரு காரணம். எல்லாம் முடிந்த பிறகுதான் மூடியைக் கழற்றுவாள். கழற்றிய உடனே இடது கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஆளையே சாய்க்கிற அளவுக்கு உள்ளே கரண்ட் தங்கியிருக்குமாம். ஒரு கையோடு வேலை செய்தால், தப்பித்தவறி பட்டாலும் அது நெஞ்சுக்குக் குறுக்கே பாயாது. விஷயம் தெரியாதவர்கள் அதைத் திமிர் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அவளும் விளக்கம் சொல்ல மாட்டாள்.

வால்வுகளை முன்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வருவாள். எதைப் பிடுங்கினதும் இரைச்சல் நிற்கிறதோ, கோளாறு அதிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. “சத்தம் எங்க இருக்குன்னு தேடக் கூடாதுங்க. எங்க இல்லைன்னு தேடிக்கிட்டே வந்தா, மிச்சம் நிக்கிற இடம்தான் அது” என்று ஒரு தரம் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு. டெய்லர் அதைத் தன் வாடிக்கையாளர்களிடம் அளவெடுக்கும்போதெல்லாம் எடுத்துவிடுவார், என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரி.

டெய்லருக்கு ஒரே ஒரு தங்கை. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட, அவளைத் தோளில் போட்டு வளர்த்தவர் அவர்தான். தங்கை மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். விடுமுறை நாட்களில் ஒரு சின்ன உணவகத்தில் கிட்டார் வாசித்துத் தானே கட்டிய பாட்டுகளைப் பாடினாள். அவளுடைய ஆம்ப்ளிஃபையரும் கூடவே உம் என்று பாடியது, வீட்டில் பழகும்போதும் அப்படித்தான். சாப்பிட வந்த ஒருவர் ஒரு நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டைக் கேட்டார். ரெக்கார்டிங் அறை வைத்திருப்பவர். பாட்டெல்லாம் முடிந்த பிறகு அவளிடம் வந்தார்.

“பாட்டு ரொம்ப நல்லாருக்கும்மா. சனிக்கிழமை மத்தியானம் என் ரூம் காலியா இருக்கு, வந்து பதிவு பண்ணு. ஆனா இந்த இரைச்சலைக் கூட்டிக்கிட்டு வராதே. அது போகலேன்னா சொல்லிடு, அந்த நேரத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடறேன்.”

தங்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருஷமாக அவள் பாட்டை மென்றுகொண்டே கேட்டவர்கள்தான் அதிகம். மறுநாள் காலையிலேயே ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு அண்ணியிடம் வந்துவிட்டாள். அண்ணி அதை மேஜைமேல் வைத்துப் போட்டாள். சத்தமே இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளை டாக்டரைப் பார்த்ததும் ஓடியாடுமே, அந்தக் கதைதான்.

“இதுல ஒண்ணுமில்ல. உன் வீட்டுல வேற என்ன மாட்டியிருக்கே?”

“எக்கோ பெட்டி அண்ணி. கிட்டார் ஒயர் முதல்ல அதுக்குள்ள போய்ட்டு அப்புறம் இதுக்கு வரும்.”

“அதுக்குத் தனி பிளக்கா?”

“ஆமா. அது ஒரு சுவத்துல, ஆம்ப் எதிர்ச் சுவத்துல.”

“இதைத் திரும்ப எடுத்துட்டுப் போ. அங்க வந்து பார்த்தாத்தான் தெரியும். வர்றேன்.”

வருகிறேன் என்றவள் வர முடியவில்லை. அந்த வாரம் பார்த்து ஆஸ்பத்திரியில் ஒரு லிஃப்டின் கம்பி வடத்தை முழுசாக மாற்றினார்கள். விடிந்ததும் போனால் பொழுது சாய்ந்துதான் வந்தாள். வந்தவள் சாப்பிட்ட தட்டைக் கழுவக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். தங்கையோ மருந்துக்கடையிலிருந்து அண்ணனுக்குப் போன்மேல் போன் போட்டாள். அண்ணி எப்ப வருவாங்க, சனிக்கிழமை வந்துரும் அண்ணா, அந்தாளு வேற யாருக்காவது கொடுத்துடுவாரு. குரல் உடைந்துவிடும்போல இருந்தது. டெய்லரால் அந்தக் குரலைத் தாங்க முடியாது, சின்ன வயசிலிருந்தே.

அந்த நேரத்தில்தான் டிரம் வாசிக்கிற ஒருவர் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். பேச்சுவாக்கில் டெய்லர் விஷயத்தைச் சொல்ல, அவர் கையைத் தூக்கி நின்றபடியே சிரித்தார்.

“இதெல்லாம் ஒரு விஷயமா? பிளக்கைத் திறந்து எர்த் ஒயரை வெட்டி விடுங்க. டக்குனு நின்னுடும். நாங்கல்லாம் அப்படித்தான் பண்ணுவோம்.”

டெய்லர் வேறு யாரையாவது கேட்டிருக்கலாம். குறிப்பாக, ஒரே வீட்டில் குடியிருக்கும் ஒருத்தியைக் கேட்டிருக்கலாம். ஆனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு இத்தனை வருஷம் பார்த்ததில் தனக்கும் பாதி வித்தை வந்துவிட்டது என்று அவருக்கு ஓர் எண்ணம். தங்கை வேலைக்குப் போயிருந்த நேரம், தன்னிடமிருந்த சாவியைப் போட்டு அவள் வீட்டைத் திறந்தார். முதலில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். உம்ம்ம் என்றது. அணைத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரின் பிளக்கைத் திறந்தார். மூன்று ஒயரில் பச்சையாக இருந்ததைக் கத்தரிக்கோலால் ஒரே வெட்டு. திரும்பவும் போட்டார். இரைச்சல் போன இடம் தெரியவில்லை.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. எக்கோ பெட்டியின் பிளக் எதிர்ச்சுவரில் இருந்தது. சட்டையில் ஒரு கையை மட்டும் சுருக்கிவிட்டு இன்னொரு கையை அப்படியே விடுகிற பழக்கம் அவர் தொழிலில் கிடையாது. அதையும் திறந்து, அதிலிருந்த பச்சை ஒயரையும் வெட்டினார். வெட்டிய முனைகளை மடித்து, டேப் சுற்றி, ஓரம் பிசிறில்லாமல் நீவிவிட்டார். சாயங்காலம் தங்கை போனில் கூவினபோது, “உங்க அண்ணி சொல்லிக் கொடுத்தா, நான் செஞ்சேன்” என்றார். தன் பேரை மட்டும் சொன்னால் அவள் நம்ப மாட்டாள் என்று அவருக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை லிஃப்ட் வேலை முடிந்து, அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். டெய்லர் முன்னாலேயே வந்து சோபாவில் சாய்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வந்து கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். தங்கை பாட்டை நிறுத்திவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

“தேங்க்ஸ் அண்ணி! நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே அண்ணன் சரி பண்ணிட்டாரு. துளி சத்தம் இல்ல பாருங்க.”

“நான் சொல்லிக் கொடுத்தேனா?”

அவள் புருஷனைப் பார்த்தாள். டெய்லர் ஜன்னலைப் பார்த்தார். அவள் திரும்பி, தங்கையைப் பாடச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே கேட்டாள். தங்கை பாடினாள். நடுவில் மைக்கிலிருந்து முகத்தைச் சட்டென்று பின்னால் இழுத்துவிட்டுச் சிரித்தாள்.

“நாளைக்குப் பாடணும்னு நெனச்சாலே பயமா இருக்கு அண்ணி. மைக்குல உதடு பட்டா சுருக்குனு கூசுது. ரெண்டு நாளா இப்படித்தான்.”

“கிட்டார்ல இருந்து கையை எடு.”

“ஏன் அண்ணி?”

“எடு.”

அவள் அப்படிக் குரலை உயர்த்தி டெய்லர் கேட்டதே இல்லை. பையிலிருந்து டெஸ்டரை எடுத்தாள். எல்லார் வீட்டிலும் கிடக்குமே, பிடிக்குள் சின்ன விளக்கு வைத்த ஸ்குரூ டிரைவர், அதுதான். அதன் முனையைக் கிட்டார் கம்பியில் வைத்தாள். பிடிக்குள் ஆரஞ்சு வெளிச்சம் வந்தது. சுவரிலுள்ள துளையில் வைத்தால் எரிகிற விளக்கு, தங்கை விரல் வைத்து வாசிக்கிற கம்பியில் எரிந்தது.

அவள் சுவிட்சுகளை அணைத்துவிட்டு, பிளக்குகளைப் பிடுங்கித் திறந்தாள். மடித்து ஒட்டியிருந்த பச்சை ஒயர்களைப் பார்த்தாள். யார் கை வேலை என்று கேட்கத் தேவையே இல்லாத அளவுக்கு நேர்த்தியாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிக்கிக்கொண்ட லிஃப்டின் மேலே ஏறி நின்று வேலை பார்க்கிறவள் இப்படி உட்கார்ந்து டெய்லர் பார்த்ததில்லை.

“பயம் இல்லம்மா அது. கரண்ட்டு” என்றாள் தங்கையிடம். “பழைய ஆம்ப்ல கரண்ட்டு ஒயருக்கும் பெட்டித் தகரத்துக்கும் நடுவுல ஒரு கெப்பாசிட்டர் வெச்சிருப்பாங்க. அதுக்கு வயசாயிடுச்சு. அது வழியாக் கசியறதை எர்த் ஒயர் பூமிக்குக் கொண்டுபோயிடும். இப்ப ரெண்டு பெட்டியிலயும் எர்த் இல்ல, ஒண்ணுல இருந்திருந்தாக்கூட அது வழியாப் போயிருக்கும். கசியறது போறதுக்கு மிச்சம் இருக்கிற வழி உன் கை, உன் உதடு. மைக்குப் பெட்டியில எர்த் இருக்கே. இன்னைக்குக் கூசுது. அந்தக் கெப்பாசிட்டர் ஒரு நாள் உடைஞ்சா...”

தங்கை அண்ணனைப் பார்த்தாள். “அண்ணி சொன்னாங்கன்னு சொன்னியே?”

“நீ அழுதியேம்மா” என்று முனகினார் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவர். அது அவர் காதுக்கே நொண்டிச்சாக்காகக் கேட்டது.

“எர்த்தை மாட்டினா இரைச்சல் வந்துடும். மாட்டலேன்னா நான் போய்ச் சேர்ந்துடுவேன். நல்லாருக்குண்ணா. நாளைக்கு நான் என்னத்தைப் பாடறது?”

“நாளைக்கு நீ பாடுவே” என்றாள் அண்ணி. “இதெல்லாம் தொடாம வை. காலையில வர்றேன்.”

வீட்டுக்கு நடந்து போகும்போது டெய்லர் திட்டுக்காகக் காத்திருந்தார். நாலு திட்டு விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கடை வாசலுக்கு வந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“என் பேரைச் சொன்னதாலதானே அவ தைரியமாத் தொட்டா?”

அவர் சாவியைத் தேடுகிற மாதிரி பாக்கெட்டைத் துழாவினார்.

சனிக்கிழமை காலையில் அவள் முதல் வேலையாக அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றி எறிந்தாள். இரண்டு பிளக்கிலும் புது எர்த் ஒயர் மாட்டினாள். டெஸ்டர் இப்போது எரியவில்லை. சுவிட்சைப் போட்டதும் உம்ம்ம் என்று ஆரம்பித்தது, முன்னைவிட ஒரு பங்கு அதிகமாகவே. தங்கை கடிகாரத்தைப் பார்த்தாள். அண்ணி கண்ணை மூடிக் கேட்டாள்.

டெய்லர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அவரைப் பிடிக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவள் எக்கோ பெட்டிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவிலுள்ள ஒயரைப் பிடுங்கினாள். பெரிய இரைச்சல் நின்றது. மாட்டினாள், வந்தது. அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. இரண்டு பெட்டிக்கும் தனித்தனி எர்த், இரண்டையும் இணைக்கிற ஒயருக்குள் நடுக்கம்பியைச் சுற்றிப் பின்னியிருக்கும் மேலுறைக் கம்பி மூன்றாவது. ஆக மொத்தம் ஒரு வளையம். கரண்ட் அந்த வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது, ஆம்ப் அதையும் பாட்டு என்று நினைத்துப் பெரிதுபண்ணிக் கொடுக்கிறது. வளையத்தை எங்காவது ஓரிடத்தில் அறுக்கத்தான் வேண்டும். டிரம்காரர் சொன்னதில் பாதி சரி. ஆனால் அறுக்க வேண்டிய இடம் உயிரைக் காக்கிற ஒயர் இல்லை.

முதலில் இரண்டு பிளக்கையும் ஒரே சுவரில், ஒரே பலகையில் மாட்டினாள். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. நடுவிலுள்ள ஒயரின் ஒரு முனையைத் திறந்து, மேலுறைக் கம்பியை அந்தப் பக்கம் மட்டும் பிரித்து ஒதுக்கினாள். இன்னும் குறைந்தது. ஆனாலும் அடியில் ஒரு மெல்லிய உம் மிச்சம் நின்றது. சாதாரண ஆள் என்றால் போதும் என்று மூடியிருப்பார். தங்கையே, “இவ்வளவு போதும் அண்ணி, கேக்காது, கிளம்பலாம்” என்றாள்.

“எனக்குக் கேக்குது. அவருக்கும் கேக்கும்.”

வால்வுகளை முன்னாலிருந்து பிடுங்க ஆரம்பித்தாள். முதல் வால்வைப் பிடுங்கினதுமே உம் நின்றது. அதை மாற்றிப் பார்த்தாள்; திரும்ப வந்தது. அப்படியானால் வால்வு குற்றவாளி இல்லை, அதற்குப் பக்கத்தில் யாரோ. சற்று நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தவள், ஆம்ப்ளிஃபையர் தலைமேல் உட்கார்ந்திருந்த எக்கோ பெட்டியை இரண்டு கையாலும் மெல்லத் திருப்பினாள். திருப்பத் திருப்ப உம் தேய்ந்தது. பெட்டிக்குள் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் நேராகக் கீழே அந்த வால்வைப் பார்த்து நின்றிருந்திருக்கிறது. அவள் பெட்டியைத் தூக்கி ஒரு முழம் தள்ளித் தரையில் வைத்தாள். அறையில் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டெய்லருக்கும் கண் நிறைந்துவிட்டது. இவளைக் கட்டிக்கொண்டவன் நான் என்று தெரு முழுக்கச் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்கிற யோக்கியதை அன்றைக்குத் தனக்கு இல்லை என்பதும் தெரிந்தது. டார்ச்சை அணைத்தார்.

ரெக்கார்டிங் அறைக்குச் சரியான நேரத்துக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் அவள் முதலில் சுவர்ப் பலகையைச் சோதித்தாள், எர்த் இருக்கிறதா என்று. அதற்கப்புறம்தான் மாட்டவிட்டாள். கம்பியில் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள், மைக்கில் வைத்துப் பார்த்தாள். ரெக்கார்டிங்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, “என்னம்மா, ஆம்பைப் போடவே இல்லையா?” என்றார். போட்டிருக்கிறது என்றதும் வியந்துபோய் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

தங்கை ஸ்டாண்டிலிருந்து கிட்டாரை எடுக்கப் போனாள். கை பாதியில் நின்றது. பாடுவதற்கு வந்த பயமில்லை அது. நேற்று அந்தச் சின்ன விளக்கு எரிந்ததைப் பார்த்த கை.

அப்போது டெய்லர் எழுந்தார். நேராகப் போய் ஒரு கையால் கிட்டார் கம்பிகளை மொத்தமாகப் பிடித்தார். இன்னொரு கையால் மைக்கைப் பிடித்தார். கரண்ட் என்றால் பத்தடி தள்ளி நிற்கிற மனுஷன், வீட்டில் ஃபியூஸ் போனால் பொண்டாட்டி வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருப்பவர். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உடம்பெல்லாம் விறைத்து, அப்படியே நின்றார். ரெக்கார்டிங்காரர் என்னமோ ஏதோ என்று எழுந்துவிட்டார். அண்ணி கண்ணாலேயே அவரை உட்காரச் சொன்னாள். கொஞ்ச நேரம் விட்டாள். அப்புறம் கிட்ட வந்து, மைக்கைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

“ஒண்ணும் வரல” என்றார் டெய்லர்.

“வராதுங்க. நான்தான் பார்த்தேனே.”

“நீ பார்த்தே. வெட்டினவன் நான் பார்க்க வேணாமா?”

அவள் அவர் உள்ளங்கையைத் தன் கைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். முந்தின நாளிலிருந்து அண்ணனோடு ஒரு வார்த்தை பேசாத தங்கை கிட்டாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கம்பிமேல் விரலை வைத்தாள். உதட்டை மைக்கின் மேலேயே வைத்தாள்.

“அண்ணா, அந்த மூலையில போய் உக்காரு. மூச்சு வாங்காதே, அதுவும் பதிவாயிடும்.”

டெய்லர் போய் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டார். தங்கை பாட ஆரம்பித்தாள்.